வீட்டில் கோர்த்த கையேட்டுக்குக் கேஸ் வருமா?

கேள்வி: வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தாளில் துளை போட்டு, சீப்பு மாதிரிப் பல் வைத்த பிளாஸ்டிக் வளையத்தில் (கோம்ப்) கோர்க்கும் விலை குறைந்த கோம்ப் பைண்டிங் மெஷின் ஒன்று வாங்கி, நானே கையேடு போட்டுக் கொடுக்கிறேன். பாதி என் குறிப்புகள். மீதி, ஒரு பழைய பயிற்சி நூலிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த 40 பக்கம். அந்த நூல் இப்போது அச்சில் இல்லை. தாளுக்கும் கோம்புக்கும் ஆன செலவை மட்டும்தான் வாங்குகிறேன். ஒரு மாணவரின் அப்பா, "இது காப்புரிமை மீறல், கேஸ் ஆகிவிடும்" என்கிறார். உண்மையா?

பதில்: மெஷினால் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. துளை போட்டுக் கோர்ப்பது தாள்களைச் சேர்க்கும் வேலை, அவ்வளவுதான். சிக்கல் அதற்கு முன்பே, ஜெராக்ஸ் எடுத்தபோதே வந்துவிட்டது. அந்த அப்பா சொன்ன சொல் தவறு. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு, நூலுக்கு இருப்பது பதிப்புரிமை. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனாலும் பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886-ல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். எழுதியவர் எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. அவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு வரை அது நீடிக்கும். பல நாடுகள் 60, 70 என்று நீட்டியிருக்கின்றன. நூல் அச்சில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் இது.

"லாபம் பார்க்கவில்லையே" என்பீர்கள். இழப்பீட்டைக் கணக்கிடும்போது அது உதவலாம், அனுமதிக்கு ஈடாகாது. கற்பிப்பதற்காக ஓரளவு எடுத்தாள, நூலையும் ஆசிரியரையும் குறிப்பிட்டுவிட்டு, பல சட்டங்கள் இடம் தருகின்றன. ஓர் உதாரணம், ஒரு விளக்கம் என்றால் சரி. வரிசையாக 40 பக்கத்தை எடுத்துப் பல பிரதி போட்டுக் கொடுத்ததை அந்தச் சலுகைக்குள் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்களுக்குச் சாதகமானது ஒன்று உண்டு: கணக்கு போடும் முறை யாருக்கும் சொந்தமில்லை. சூத்திரமும் வழிமுறையும் பொது. அந்த ஆசிரியரின் வாசகமும் அவர் கணக்குகளை அடுக்கிய விதமும்தான் அவருடையவை. அதனால் அதே வகைக் கணக்குகளை உங்கள் சொல்லில், உங்கள் வரிசையில் எழுதுங்கள். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வாக்கியத்தை அப்படியே விடாதீர்கள். நீங்களே எழுதியதற்கு உரிமை உங்களுடையது. முதல் பக்கத்தில் பெயரும் ஆண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நூல்தான் வேண்டுமென்றால் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்று சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அச்சில் இல்லாத நூலுக்குச் சிலர் மறுக்காமல் கொடுத்துவிடுவார்கள்.

இனி கொடுக்கப் போகும் கையேடுகளில், கோம்பை மெஷினில் மாட்டி விரித்து அந்த 40 பக்கத்தை உருவிவிடுங்கள். மற்றவை அப்படியே நிற்கும். (இப்படி உருவ முடிகிறது என்பதால்தான் ஒப்பந்தப் பத்திரங்களைக் கோம்பில் கோர்க்காதீர்கள் என்கிறேன். நடுவில் ஒரு தாள் மாறினாலும் தெரியாது.) ஏற்கெனவே கொடுத்தவற்றுக்காக யாராவது நோட்டீஸ் அனுப்பினால், பதறிப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். நோட்டீஸில் சொன்ன கெடு முடிவதற்குள் உங்கள் ஊர் வக்கீலிடம் அதையும் கையேட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.