மாம்பலத்தில் இறங்கி பாண்டி பஜார் போக

முழங்கால் வலியுள்ள அம்மாவை மின்சார ரயிலில் பாண்டி பஜாருக்கு அழைத்துவர வேண்டும், ரங்கநாதன் தெரு நெரிசலை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தெருவில் கால்வைக்கவே வேண்டாம். மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் ஆகாய நடைபாதையைத் திறந்துவிட்டார்கள், லிஃப்ட் உண்டு. ஆனால் நீளம் சுமார் 570 மீட்டர். என் அத்தை பாதி வழியில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார், அவசரப்படுத்தாதீர்கள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடியுங்கள். பாண்டி பஜாரில் 2019இல் அகலப்படுத்திய நடைபாதையில் உட்கார இருக்கைகள் இருக்கின்றன. நடப்பவர்களுக்காக இந்த ஊர் செய்த நல்ல காரியம் அது. அதன்மேல் வண்டியை ஏற்றுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. காலையிலேயே வந்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம்.