காருக்கும் சேர்த்துக் கொடுக்கும் வாடகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகரங்களில் கார்களுக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வசதியுள்ளவர்களின் கவலையாகவே படுகிறது. சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு முதலில் வேண்டியது வீடு. நடைபாதையை அப்புறம் பேசலாமே?

கே.

அன்புள்ள கே,

வாடகை பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வீடு முதலில், கார் பிறகு என்று பிரித்து வைக்க முடியவில்லை. வீட்டு விலைக்குள்ளேயே கார் உட்கார்ந்திருக்கிறது.

பல நாடுகளின் கட்டட விதிகளில் ஒரு கட்டாயம் உண்டு: இத்தனை வீட்டுக்கு இத்தனை பார்க்கிங். கார் நிற்கும் இடத்தோடு அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிறது. ஒரு சின்ன வீட்டையே அதில் கட்டிவிடலாம். தரைக்குக் கீழே தோண்டினால் செலவு இன்னும் ஏறும். கட்டுபவர் அதைத் தன் கையிலிருந்தா போடுவார்? விலையிலும் வாடகையிலும் ஏற்றிவிடுகிறார். கார் வாங்க முடியாத குடும்பமும் மாதாமாதம் காருக்கான இடத்துக்குப் பணம் கட்டுகிறது. தனி ரசீது இல்லாததால் தெரிவதில்லை. சின்ன மனைகளில் நிலைமை இன்னும் மோசம். பார்க்கிங் விட்டது போக மிஞ்சும் இடத்தில் ஆறு வீட்டுக்குப் பதில் மூன்றுதான் வரும். இடம் கிடைக்காத மற்ற மூன்று குடும்பங்கள் ஊருக்கு வெளியே போகின்றன. பஸ் இல்லாத அந்த இடத்தில், வாடகையில் மிச்சம் பிடித்தது போக்குவரத்துக்கே போய்விடுகிறது.

இந்த விதியை மாற்றிக்காட்டியிருக்கிறார்கள். மெக்சிகோ நகரம் 2017இல் ‘குறைந்தது இத்தனை பார்க்கிங்’ என்ற கணக்கை எடுத்துவிட்டு, ‘இதற்கு மேல் கூடாது’ என்று உச்சவரம்பு வைத்தது. நியூசிலாந்து 2020இல், மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள் தவிர, இந்தக் கட்டாயத்தையே நீக்கும்படி நகர நிர்வாகங்களுக்கு உத்தரவிட்டது. ஜப்பானில் 1962இல் வந்த சட்டப்படி, காரை நிறுத்த இடம் இருப்பதைக் கார் வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

விதியை நீக்கிய மறுமாதமே வாடகை இறங்கிவிடாது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்கள் அப்படியேதான் இருக்கும். அதனால் அரசே வீடு கட்டவும் வேண்டும். வியன்னா 1920களிலேயே அதைத் தொடங்கியது. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள்.

வசதியுள்ளவர்களின் கவலை என்றீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உலகில் சாலை விபத்துகளில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடந்து போகிறவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் போகிறவர்கள். நீங்கள் யாருக்காக வீடு கேட்கிறீர்களோ, அவர்களில் பலர் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். வீடு கேட்டு நீங்கள் எழுதும் மனுவில் பார்க்கிங் கட்டாயத்தை நீக்கும் கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்; நானும் கையெழுத்துப் போடுகிறேன்.