பாதியில் நின்ற டேப்

அன்புள்ள ஐயா,

நெட்ஃப்ளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் என்று மூன்று சந்தா கட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் நாற்பது நிமிடம் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் யூடியூபில் பழைய காமெடி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். எதை ஆரம்பித்தாலும் முதல் பத்து நிமிடத்தில் பிடிக்காவிட்டால் அணைத்துவிடுவது என் வழக்கம். தமிழ் சீரிஸ் என்றால் ஒரு சின்ன ஊர், ஒரு கொலை, ஒரு போலீஸ். டப்பிங் சகிக்கவில்லை. சந்தாவும் ஏறிக்கொண்டே போகிறது. வாரத்துக்குப் பத்து விடுவதற்குப் பதில் மாதத்துக்கு ஒன்றை உருப்படியாக எடுத்தால் என்ன? இந்த மூன்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை நிறுத்தலாம்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்தபோது நான் எச்.பி.ஓ. என்ற அமெரிக்க டிவி சேனலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். டப்பிங் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதில் பேச ஒன்றுமில்லை. சந்தா ஏறுகிறது, பாலும்தான் ஏறுகிறது. கொலையும் போலீஸும் ஓடுகிறவரை எடுப்பார்கள். நீங்களும் நானும்தானே பார்க்கிறோம்.

எச்.பி.ஓ. கதைக்கு வருகிறேன். 2018 ஜூனில் அதன் தாய் நிறுவனமான டைம் வார்னரை ஏ.டி. அண்ட் டி. என்ற டெலிபோன் கம்பெனி வாங்கியது. அதே மாதமே புது முதலாளிகள் தரப்பில் ஜான் ஸ்டான்கி ஊழியர்களைக் கூட்டி, ஜனங்கள் வாரத்துக்குச் சில மணி நேரம் நம்மைப் பார்ப்பது போதாது, தினமும் சில மணி நேரம் பார்த்தாக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு ஒரு தொடர் என்று பேர் வாங்கிய இடம் அது. கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்த அதன் தலைவர் ரிச்சர்ட் ப்ளெப்லர் 2019 பிப்ரவரியில் கிளம்பிவிட்டார். அப்புறம் கம்பெனி கைமாறியது. 2023-ல் 'எச்.பி.ஓ. மேக்ஸ்' என்ற செயலியின் பெயரிலிருந்து எச்.பி.ஓ.வையே எடுத்துவிட்டு வெறும் 'மேக்ஸ்' என்றார்கள். 2025 ஜூலையில் பழைய பெயரை மறுபடி ஒட்டினார்கள். ஓடுகிற கடையின் போர்டை அழித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே பெயின்டரைக் கூப்பிட்ட கதை.

இதைப் படித்ததும் 'நான் சொன்னது சரிதானே' என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். நிறைய எடுப்பது பாவமில்லை. 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரின் கதையைப் பத்து வருடம் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார் அதன் இயக்குநர். கொரியாவில் யாரும் தொடவில்லை. கண்டதையும் வாங்கிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ்தான் அதையும் வாங்கியது. மாதத்துக்கு ஒன்று என்று உட்கார்ந்திருந்தால் அது இன்னும் மேஜை டிராயரில்தான் கிடந்திருக்கும்.

எனக்குக் கோபம் உங்கள் பத்து நிமிடத்தின் மேல்தான். மாதத்துக்கு ஒன்று நல்லதாக வந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறீர்கள்? அதையும் பத்தாவது நிமிடத்தில் அணைப்பீர்கள். எச்.பி.ஓ.வின் 'தி வயர்' தொடர் உங்கள் பரீட்சையில் நிச்சயம் பெயில். முதல் இரண்டு எபிசோடில் யார் போலீஸ், யார் கடத்தல்காரன் என்று பிடிபடவே எனக்கு நேரம் ஆனது. ஒளிபரப்பானபோது அதைப் பார்த்தவர்களும் குறைவு. இருந்தும் 2002-லிருந்து 2008 வரை ஐந்து சீசன், 60 எபிசோடுக்கு எச்.பி.ஓ. பணம் போட்டது. பார்வையாளர் விட்டுவிட்டுப் போனதைத் திரும்பத் திரும்ப அவர் கையில் கொடுத்த பிடிவாதம் அது.

அந்தப் பிடிவாதத்தை நான் முதலில் பார்த்தது மதுரை ஆரப்பாளையத்தில், ஒரு வீடியோ கேசட் கடையில். 1989 என்று நினைக்கிறேன். கேசட் போடுகிற டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்க்கிற காலம். மூன்றாவது படம் ஓடும்போது வீட்டில் பாட்டி மட்டும் முழித்திருப்பார், அதுவும் தூக்கம் வராத வியாதியால். கடைக்கார அண்ணன் நாம் கேட்கிற இரண்டைக் கொடுப்பார். மூன்றாவதை அவராக எடுத்து வைப்பார். ஒருமுறை, தூர்தர்ஷனில் ஞாயிறு மத்தியானம் போட்டதை அவரே பதிவுசெய்து வைத்திருந்த ஒரு வங்காளப் படத்தைக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை, கீழே இங்கிலீஷ் எழுத்து. பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால், கேசட்டைத் திருப்பி அதிலிருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டேப் முக்கால்வாசி இடது சக்கரத்திலேயே இருந்தது. "பாலம் வர்ற எடத்துலயே விட்டுட்டியா தம்பி?" என்றார். சரியாக அந்த இடம்தான்! அடுத்த வாரமும் அதையே கொடுத்தார், காசு வேண்டாம் என்றார். நான் பாலத்தைத் தாண்டினேன், பாதியில் தூங்கிவிட்டேன். அதற்கடுத்த வாரமும் அதே கேசட்.

நெட்ஃப்ளிக்ஸுக்கும் நீங்கள் எங்கே விட்டீர்கள் என்று தெரியும், கே. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு 2019-ல் அவர்களே விளக்கி எழுதியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் பார்த்தவர் 'தொடங்கியவர்', 70 சதவீதம் தாண்டினால் 'பார்த்தவர்', 90 தாண்டினால் 'முடித்தவர்'. உங்கள் பத்து நிமிடத்துக்கு நீங்கள் வெறும் தொடங்கியவர். பாதியில் விட்டது ஒரு வரிசையில் கிடக்கும், உண்மைதான். ஆனால் பாலத்தில் ஏன் இறங்கினாய் என்று அது கேட்காது. நீங்கள் விட்டதைப் போல இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து வரும், அதையும் விட்டால் இன்னொன்று. தப்பு அதன்மேல் இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கடை நிறைய இருக்கிறது என்று என்னிடம் புலம்புகிறீர்கள். கடைக்காரர் எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லையே!

எந்தச் சந்தாவை நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எதையாவது நிறுத்துங்கள். மிச்சமிருப்பதில், நீங்கள் மதிக்கிற ஒருவர் சொன்ன ஒரு தொடரை எடுத்து நான்கு எபிசோட் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். பிடிக்காவிட்டால் எனக்குத் திட்டி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

அந்த வங்காளப் படத்தை மூன்றாவது வாரம் முழுக்கப் பார்த்தேன். முடிந்ததும் எழுந்து டிவியை அணைக்கத் தோன்றவில்லை. பாட்டிதான் அணைக்கச் சொன்னார். காலையில் கேசட்டை நீட்டினேன். அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டேப் மொத்தமும் வலது பக்கம். ஒன்றும் சொல்லவில்லை. ரீவைண்ட் பண்ணாமல் கொண்டுவந்ததற்கு ஒரு ரூபாய் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.