கேஸ் வாட்டர் ஹீட்டர்ல சுடுதண்ணி வரல, கையில காசு கம்மி, வீட்டுலயே சரி பண்ண முடியுமா?

பாதி பண்ணலாம். முதல்ல அடுப்பு எரியுதான்னு பாருங்க, அதுவும் எரியலன்னா கோளாறு ஹீட்டர்ல இல்ல. எரிஞ்சா, குழாயத் திறந்துட்டு டிக் டிக்னு பொறி அடிக்கிற சத்தம் வருதான்னு கேளுங்க, சத்தமே வரல, இல்லன்னா இழுத்து இழுத்து அடிக்குதுன்னா பெரும்பாலும் பேட்டரிதான், நிறைய மாடல்ல ஹீட்டருக்கு அடியில சின்ன மூடிக்குள்ள ரெண்டு டி சைஸ் பேட்டரி இருக்கும், அல்கலைன் வாங்கி ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க.

அப்பவும் ஹீட்டர் பத்திக்கலன்னா தண்ணி வேகம் கம்மியா இருக்கலாம், தண்ணி நல்லா ஓடுனாத்தான் உள்ள கேஸ் வால்வு திறக்கும். தண்ணி வால்வ மூடிட்டு, தண்ணி உள்ள வர்ற இடத்துல இருக்குற சின்ன வலை ஃபில்ட்டரக் கழட்டி பழைய டூத் பிரஷால தேய்ங்க, ஷவர் தலையையும் கழுவுங்க.

கேஸ் பைப், பர்னர் பக்கம் மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. நம்ம சிங்கப்பூர்ல வீட்டுக்குப் பைப்ல வர்ற டவுன் கேஸ்ல கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவும் கலந்திருக்கு, பைப் வேலைய இஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) லைசென்ஸ் உள்ளவங்கதான் செய்யணும். கேஸ் நாத்தம் வந்தா ஸ்விட்சத் தொடாம மெயின் வால்வ மூடி ஜன்னலத் திறந்துட்டு வெளிய வந்து கேஸ் அவசர உதவிக்கு ஃபோன் பண்ணுங்க.

இன்னொண்ணு, ஜோகூர்ல மலிவுன்னு எல்பிஜி (சிலிண்டர் கேஸ்) ஹீட்டர் வாங்கிட்டு வந்துடாதீங்க, டவுன் கேஸுக்கு அது ஒத்து வராது.