ஒரு மென்பொருளில் உருவாக்கிய கட்டடத் தகவல் மாதிரியை வேறு மென்பொருள்களில் கட்டடத்தின் ஆயுள் முழுவதும் பயன்படுத்த முடியுமா?

முடியும், ஆனால் மாதிரியை, அதாவது கட்டடத்தின் பகுதிகளை வடிவத்தோடும் விவரங்களோடும் கணினியில் பதிவுசெய்த கோப்பை, அதை உருவாக்கிய மென்பொருளின் சொந்தக் கோப்பாக மட்டும் வைத்திருந்தால் முடியாது. வடிவமைப்பு சில ஆண்டுகளில் முடிந்துவிடும், கட்டடமோ பல பத்தாண்டுகள் நிற்கும். அதற்குள் மென்பொருளே வழக்கொழிந்து போகலாம் என்பதால்தான் ஐஎஃப்சி (IFC) என்னும், வெவ்வேறு மென்பொருள்கள் படிக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவம் தேவைப்பட்டது. கட்டடத் துறைக்கான திறந்த தரங்களை வகுக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு பராமரிக்கும் இவ்வடிவம், 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற முழுமையான பன்னாட்டுத் தரமாயிற்று.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். ஐஎஃப்சி கோப்பில் அது வெறும் கோடுகளாக இல்லாமல், கதவு என்ற வகையாகவும், எந்தச் சுவரின் திறப்பில் பொருந்துகிறது, எந்தத் தளத்தில் உள்ளது, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்பன போன்ற விவரங்களோடும், 22 எழுத்துக்குறிகள் கொண்ட தனி அடையாளத்தோடும் பதிவாகிறது. பரவலாகப் புழங்கும் கோப்பு வகை வெறும் உரைதான். எந்த உரைத்திருத்தியிலும் திறக்கலாம், படிக்கத்தான் பொறுமை வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் பெரும்பாலும் அந்த அடையாளத்தில்தான் தொடங்குகிறது. வடிவமைப்பாளர் கதவை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக வரைந்தால், கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. அடையாளம் மட்டும் மாறிவிடும், பராமரிப்பு மென்பொருளில் பழைய அடையாளத்தோடு இணைத்திருந்த உத்தரவாதமும் பழுதுப் பதிவும் ஒட்டின்றி நிற்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஐஎஃப்சி முதன்மையாகப் பரிமாற்றத்துக்கானது. மூல மென்பொருளில் சுவரை இழுத்தால் கதவும் கூடவே நகரும் அறிவு, ஐஎஃப்சியாக மாற்றும்போது பெரும்பாலும் தங்குவதில்லை. எனவே திருத்தங்களை மூலக் கோப்பில் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஐஎஃப்சியாக வெளியிடுவதே என் பரிந்துரை. கட்டடத்தை ஒப்படைக்கும்போது பராமரிப்புக் குழுவுக்கு வடிவியலைவிடக் கருவிகளின் பட்டியலே முக்கியம் என்பதால், அதற்கு கருவிகளின் விவரங்களை அட்டவணையாகத் தரும் கோபி (COBie) என்னும் கோப்பு வடிவம் போதும். எந்த விவரத்தை யார், எப்போது நிரப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.