கம்பெனி கை மாறியது, நிறுவனர் போய்விட்டார்: அந்த ஆம்பை வாங்கலாமா?

கேள்வி: மேசா பூகி கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனியை கிட்டார் செய்யும் கிப்சன் வாங்கிவிட்டது, ஆரம்பித்த ராண்டால் ஸ்மித்தும் வெளியே போய்விட்டார். "இனி புதியதை நம்பாதே, கை மாறுவதற்கு முன் செய்ததைத் தேடிப் பிடி" என்கிறார்கள் எங்கள் குழுவில். சென்னையில் ஒருவரிடம் மேசாவின் பழைய டூயல் ரெக்டிஃபயர் மாடல் விலைக்கு இருக்கிறது. புதியதா, பழையதா? – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நிறுவனர் எப்போது போனார் என்பதைப் பார்த்து ஆம்ப் வாங்காதீர்கள். கெட்டுப்போனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு யாரிடம் கொடுப்பீர்கள், வால்வும் (உள்ளே சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்) உதிரியும் எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் பணத்தைக் காக்கும்.

குழுவினரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிட்டாரும் ஆம்பும் செய்த லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். ஆனால் விற்ற மறுநாளே ஆம்ப் கெட்டுவிடவில்லை. அடுத்த இரண்டு மூன்று வருடம் அதே கறுப்பு முகப்பு, ஏறக்குறைய அதே சர்க்யூட். 1968 வாக்கில் வெள்ளி முகப்பு வந்தது. சில மாடல்களில் பயாஸ் பகுதியையும் (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று நிர்ணயிப்பது) மாற்றினார்கள். வாசிப்பவர்களுக்கு அது பிடிக்காமல், மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழைய சர்க்யூட்டுக்கே திருப்பிக்கொண்டார்கள். கம்பெனியை அதன் ஊழியர்கள் மீட்டு வாங்கியது 1985இல். ஆக, கை மாறிய வருடத்தைவிட, எந்த வருடம் எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மேசா விஷயத்துக்கு வருவோம். ஸ்மித் 1969இல் தொடங்கிய கம்பெனியை கிப்சன் 2021 ஜனவரியில் வாங்கியது. பழைய வரைபடங்கள் கம்பெனியிடமே இருக்கின்றன. 2024இல் மார்க் டூ சி பிளஸ் என்ற பழைய மாடலை மறுபடி வெளியிட்டார்கள். தரம் போய்விட்டது என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல ஆதாரம் இல்லை. அதே சமயம் கிப்சன் 2018இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய் மீண்ட நிறுவனம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய முதலாளி இருக்கிறார் என்பதால் உதிரி பாகம் நிச்சயம் என்று ஆகாது.

மேசாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பெரும்பாலான மேசா மாடல்களில் பவர் வால்வின் பயாஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு கிடையாது. அதற்குப் பதில் கம்பெனியே வால்வுகளை அளந்து, நிறப் பெயர் போட்டுத் தரம் பிரித்து விற்கிறது. கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு 6எல்6 (பவர் வால்வு வகை) ஜோடியைச் செருகினால் மின்னோட்டம் அதிகமாகி உள்ளே இருக்கும் தகடு சிவந்துவிடலாம், அல்லது மிகக் குறைந்து சத்தம் காய்ந்து கேட்கலாம். எனவே வாங்கும்போதே அதே நிறக் குறியுள்ள பவர் வால்வு ஒரு முழு செட்டும், 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு இரண்டும் சேர்த்து வாங்கி வையுங்கள். பயாஸ் திருகு உள்ள வேறு கம்பெனி ஆம்ப் என்றால் இந்தக் கட்டாயம் இல்லை. அளக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் புது வால்வுக்கு ஏற்றபடி வைத்துக் கொடுப்பார். கடற்கரை ஊரில், சர்வீஸ் சென்டர் இல்லாத இடத்தில், எங்கள் ஓட்டு அப்படிப்பட்ட ஆம்புக்கே.

சென்னை ஆம்பைப் பார்க்கப் போனால் அவசரப்படாதீர்கள். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். 8 ஓம் கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டி) 8 ஓம் ஜாக்கில்தான் செருக வேண்டும். கிட்டார் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுங்கள். 100 ஹெர்ட்ஸ் கனத்த உறுமல் கேட்டால் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் வலுவிழந்திருக்கலாம், அல்லது பவர் வால்வு ஜோடி சமமாக இல்லை. பதினைந்து இருபது வருடம் ஆன ஆம்பில் கண்டன்சர் மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். பிறகு வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, சின்ன வால்வு ஒவ்வொன்றையும் பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மணி அடிப்பதுபோல் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வை மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை. பவர் வால்வின் தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் திருப்தியடையாமல் நாற்பது நிமிடமாவது வாசியுங்கள். சூடேறிய பிறகுதான் பல கோளாறுகள் தலைகாட்டும். சத்தம் திடீரென்று இறங்கினால், பின்பக்கத்தில் எஃபெக்ட்ஸ் பெடல்களை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பின் சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு சின்ன கேபிளைப் போடுங்கள். சத்தம் திரும்பிவிட்டால், ரிட்டர்ன் ஜாக்கின் தொடுமுனையில் களிம்பு ஏறியிருக்கிறது. உப்புக் காற்று படும் நம் பக்கத்தில் அடிக்கடி வரும் கோளாறு இது, கான்டாக்ட் கிளீனரில் தீரும். இதைக் காட்டியே விலையைக் குறைக்கவும் செய்யலாம்.

பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அணைத்து, வயரைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஆளைக் கொல்லும்.

புதியது வாங்குவதானால், அட்டைப்பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் தொடர்பு எண் அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் 120 வோல்ட் ஆம்ப் ஒன்றைக் கொண்டு வருகிறார், 50 வாட். கடையில் விற்கும் கன்வர்ட்டர் போட்டால் போதுமா? – மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சுற்றுக்கம்பி உள்ள அசல் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் போதும். அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையருக்கு விற்கும் லேசான கன்வர்ட்டர் கூடவே கூடாது. 50 வாட் வால்வு ஆம்ப் கரண்டில் இழுப்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், 100 வாட் ஆம்ப் என்றால் 1000 விஏ.

மூன்றாவது பின்னான எர்த், சுவரிலிருந்து ஆம்பின் உடல் வரை அறுபடாமல் போகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மலிவான பல பெட்டிகளில் வெளியே வரும் சாக்கெட்டில் எர்த் இருக்காது. அப்படியிருக்க ஆம்புக்குள் ஏதாவது கசிந்தால், கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைத்துப் பாடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓட்டும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60க்கு மட்டும் அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். ஆம்பின் லேபிளில் 50/60 என்று இருந்தால் கவலை இல்லை. ஃபியூஸ் போனால் லேபிளில் உள்ள அதே ஆம்பியர், அதே ஸ்லோ-ப்ளோ வகைதான் போட வேண்டும்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு சென்னைக் கடையில் வாங்கிய ஆம்பில் ஒரு சேனல் வேலை செய்யவில்லை. வாரண்டி இரண்டு வருடம். "கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டார், பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் கடைக்காரர். கல்யாணக் கச்சேரிக்கு வாசிப்பவன் நான். – கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்த சேனலுக்குரிய 12ஏஎக்ஸ்7 வால்வை, ஆம்பை அணைத்து ஆறவிட்டு, வெளியிலிருந்தே மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் உள்ளூர் மெக்கானிக்கைப் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். வாரண்டி சீல் உடைந்தால் அதையே காரணம் காட்டுவார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு பில் கொடுத்தது கடை. ஆம்ப் செய்த கம்பெனி யார் கைக்குப் போனாலும் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. பில், வாரண்டி அட்டை, சீரியல் எண்ணின் படம், கோளாறு கேட்கும் வீடியோ ஆகியவற்றைச் சேர்த்து 15 நாள் கெடு வைத்துப் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். இறக்குமதியாளருக்கும் ஒரு பிரதி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைப்பார்கள்: கச்சேரிக்கு வாசிப்பதால் இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிய பொருளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே "இந்த ஆம்பை நானே வாசிக்கிறேன், இதுவே என் வாழ்வாதாரம், வாடகைக்கு விடுவதில்லை" என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கேட்பதையும் வரிசையாகச் சொல்லுங்கள்: இலவசமாகப் பழுது நீக்கம், இயலாவிட்டால் மாற்று ஆம்ப், அதுவும் இல்லையென்றால் பில் தொகை முழுவதும், கூடவே அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஈடு.