வாங்கிய கருப்பட்டி, விற்கிற முந்திரிக்கொத்து

கேள்வி: தக்கலை பக்கம் வீட்டில் முந்திரிக்கொத்து செய்து விற்கிறேன். சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய் எண்ணெய் எல்லாமே கடையில் வாங்குவதுதான், எண்ணெய் பெரிய பிராண்ட். அவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்குமே, எனக்குத் தனியாக எதற்கு? எண்ணெய் கம்பெனியின் சின்னத்தை என் பாக்கெட்டில் போடலாமா?
– ஒரு வாசகி

பதில்: அவர்கள் லைசென்ஸ் அவர்கள் பாக்கெட்டோடு சரி. பயறை வறுத்துப் பொடித்து, பாகு ஊற்றி உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுத்தால் அது உங்கள் தயாரிப்பு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைத்தான் கேட்கும், வீட்டு அடுப்படி என்று விலக்கெல்லாம் கிடையாது. ஆனால் வருட விற்பனை சிறு தயாரிப்பாளர்களுக்கான வரம்புக்குள் என்றால் லைசென்ஸ்கூட வேண்டாம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போதும். ஆன்லைனில் நீங்களே செய்யலாம், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், புரோக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

நான் கவலைப்படுவது கருப்பட்டியைப் பற்றி. நம் குமரி மாவட்டத்தில் சீனி கலக்காத கருப்பட்டி தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். கடைக்காரர் சொன்னதை நம்பி நீங்கள் ‘அசல் கருப்பட்டியில் செய்தது’ என்று அச்சடித்து, சாம்பிள் எடுத்துச் சோதிக்கும்போது சீனி தெரிந்தால், பொய் லேபிள் உங்களுடையது, முதல் நோட்டீஸும் உங்களுக்கே. அதனால் துண்டுச்சீட்டு வாங்காமல் கடையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உள்ள பில்லாகக் கேட்டு வாங்கி, எந்தக் கருப்பட்டி எந்த ஈடுக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பில் இருந்தால்தான் ‘இவரிடம் வாங்கினேன்’ என்று கை காட்ட முடியும்.

சின்னம் போடவே கூடாது. அந்தக் கம்பெனியே செய்தது, அல்லது உங்களோடு கூட்டு என்று பார்ப்பவர் நினைத்தால் டிரேட்மார்க் வழக்கு வரும். பொருட்கள் பட்டியலில் ‘தேங்காய் எண்ணெய்’ என்று எழுதினால் போதுமே. எண்ணெய் பாக்கெட்டில் இருக்கும் அக்மார்க் என்ற அரசுத் தர முத்திரையும் அப்படித்தான், எண்ணெய்க்குக் கொடுத்தது பலகாரத்துக்கு வராது.

லேபிளில் சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், பேட்ச் எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண், உங்கள் முகவரி, புகாருக்கு ஒரு போன் நம்பர் எல்லாம் வேண்டும். மேல்மாவில் மைதா சேர்த்தால் கோதுமை இருப்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக.

‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கருப்பட்டி பலகாரத்தில் அது பொய், சட்டப்படி குற்றமும்கூட.